ஃபைனல், நிஜ ஃபைனல், கடைசி ஃபைனல்

தேர்ப்பாட்டு_ஃபைனல்
தேர்ப்பாட்டு_ஃபைனல்2
தேர்ப்பாட்டு_நிஜஃபைனல்
தேர்ப்பாட்டு_கடைசிஃபைனல்_இதான்
தேர்ப்பாட்டு_கடைசிஃபைனல்_இதான்_புதுசு

புதுக்கவிதை இல்லை. திருவாரூரில் ஒரு மாடி அறை கம்ப்யூட்டரில் இப்படி ஐந்து ஃபைல்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரொம்பச் சிரமப்பட வேண்டாம். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘தேர்ப்பாட்டு’ என்பதற்குப் பதில் ‘மார்ச் ஸ்டேட்மென்ட்’ என்று இருக்கும். வியாதி ஒன்றுதான்.

அறையின் சொந்தக்காரருக்குப் பெயர் வேண்டாம், ‘நம்மாள்’ போதும். பகலில் ஏதோ ஒரு ஆபீசில் கிளார்க். ராத்திரி ஏழு மணிக்கு மேல் மியூசிக் டைரக்டர். ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு கீபோர்டு, சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்கும் என்று அவர் நம்புகிறார். பக்கத்து வீட்டுக்காரர் நம்பவில்லை.

ஒரு காலத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய ராத்திரி ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும். இன்றைக்கு மாடிப்படி ஏறினால் ஸ்டூடியோ. கல்யாண வீடியோ, கட்சிப் பாட்டு, மாரியம்மன் பாட்டு, தேர்த் திருவிழாப் பாட்டு என்று நம்மாள் பிஸி.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது விழாக் குழுவிலிருந்து ஒருவர் வருகிறார்.

"தம்பி, போன வருசம் ஒரு பாட்டு போட்டியே, அதுல நாயனம் மட்டும் கொஞ்சம் தூக்கலா வேணும்."

"எந்தப் பாட்டுண்ணே? ஃபைனலா, நிஜ ஃபைனலா?"

"எல்லாரும் நல்லாருக்குன்னாங்களே, அது."

நம்மாள் ஐந்தையும் திறந்து பார்க்கிறார். முதலாவதில் நாயனமே இல்லை. இரண்டாவதில் நாயனம் இருக்கிறது, தவில் இல்லை. மூன்றாவது திறக்கும்போதே ‘ஃபைல் மிஸ்ஸிங்’ என்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டுமே ‘எல்லாரும் நல்லாருக்குன்ன’ பாட்டு இல்லை.

சரி, தேர்ப்பாட்டு போனால் போகட்டும். நாயனக்காரரை மறுபடி கூப்பிடலாம், வாசிக்கச் சொல்லலாம், இன்னொரு முறை சன்மானம் கொடுக்கலாம். நஷ்டம் பணத்தோடு போகும். ஆனால் இந்தத் தேடலில் நம்மாளுக்கு வேறொன்று தெரிய வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு நடவுப் பாட்டு. அதைத் திறந்தால் தாளம் வருகிறது, கீபோர்டு வருகிறது, புல்லாங்குழல் வருகிறது. அப்பாயியின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

அப்பாயி வயலில் நாற்று நட்டவள். ஒரு சாயங்காலம் பேரன் மைக்கை நீட்ட, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதெல்லாம் யாருடா கேப்பா" என்று சொல்லிக்கொண்டே பதினொரு நிமிஷம் பாடினாள். இப்போது பல வயல்களில் நடவு மெஷின் இறங்கிவிட்டது. மெஷின் நன்றாக நடுகிறது, ஆனால் பாடுவதில்லை. போன தை மாசம் அப்பாயி போய்விட்டாள்.

தாளத்தை மறுபடி வாசிக்கலாம். கீபோர்டை மறுபடி வாசிக்கலாம். அப்பாயியை மறுபடி பாடச் சொல்ல முடியாது. நம்மாளும் அப்பாயியும் கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு குரலை லேப்டாப்பில் வைத்திருக்கும் ‘நம்மாள்’ ஊருக்கு ஒருவராவது இருப்பார். இந்த வாரக் கட்டுரை அவருக்காக.

சாமான் லிஸ்ட்டும் சாம்பாரும்

குரல் எங்கே போயிற்று?

பாட்டு செய்யும் மென்பொருள்கள் (எஃப்.எல். ஸ்டூடியோ, க்யூபேஸ், ஏபிள்டன் லைவ், லாஜிக் என்று நிறைய இருக்கின்றன) நீங்கள் ‘சேவ்’ கொடுக்கும்போது ஒரு ப்ராஜெக்ட் ஃபைலை எழுதுகின்றன. அதற்குள் பாட்டு முழுவதும் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் இல்லை. அதில் இருப்பது ஒரு லிஸ்ட். ‘டி டிரைவில், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில், ஆடியோ 014 என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதை எடுத்து இரண்டாவது நிமிஷத்தில் போடு, சத்தத்தைக் கொஞ்சம் குறை, எதிரொலி சேர்.’ இப்படி வரிசையாகக் குறிப்புகள். கல்யாணத்துக்குச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் சாமான் லிஸ்ட் மாதிரி. லிஸ்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினால் சாம்பார் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நம்மாள் புது லேப்டாப் வாங்கியபோது ப்ராஜெக்ட் ஃபைல்களை எல்லாம் பொறுப்பாக பென் டிரைவில் காப்பி செய்தார். பழைய லேப்டாப்பில் ‘டவுன்லோட்ஸ் எல்லாம் குப்பைதானே’ என்று அழித்து, மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். லிஸ்ட் வந்தது, சாமான் போனது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ டிராக் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. பிடிக்கும். 4 நிமிஷப் பாட்டில் இப்படி 40 டிராக் பதிவு செய்திருந்தால் கிட்டத்தட்ட 1.4 ஜி.பி. அந்தப் பாட்டின் ‘பேக்கப்’ 2 எம்.பி.யில் அடங்கிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்.

மென்பொருள்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஏபிள்டனில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். க்யூபேஸில் ‘பேக்கப் ப்ராஜெக்ட்’. எஃப்.எல். ஸ்டூடியோவில் ‘ஸிப்டு லூப் பேக்கேஜ்’. ப்ரோ டூல்ஸில் ‘சேவ் காப்பி இன்’ (அதிலேயே ஆடியோ ஃபைல்களையும் சேர் என்று டிக் அடிக்க வேண்டும்). பெயர்தான் வேறு வேறு. வேலை ஒன்றே: ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் ஒலி ஃபைல்களைத் திரட்டி, ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. மெனுவில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். பாட்டு முடிந்த அன்று ராத்திரி, தூக்கம் கண்ணைச் சொக்கினாலும், அதை ஒருமுறை அழுத்திவிட்டுப் படுப்பது புண்ணியம்.

மூவர் பாட்டு பிழைத்த கதை

திருவாரூருக்கு இது புதுப் பிரச்னை இல்லை. 1762-க்கும் 1776-க்கும் நடுவில் இந்த ஒரே ஊரில் மூன்று குழந்தைகள் பிறந்தன. சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர். எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-ல். அதற்குள் மூவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. (தீட்சிதர் 1835, தியாகராஜர் 1847, சாஸ்திரி 1827.) ஆகவே, மூவர் குரலும் யாரிடமும் இல்லை. பாட்டுகள் மட்டும் இருக்கின்றன. அவை பிழைத்த விதத்தைப் பார்த்தால், பேக்கப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

தியாகராஜருக்கு சிஷ்யர்கள் அதிகம். அதைவிட முக்கியம், வேறு வேறு ஊர்க்காரர்கள். திருவையாற்றுக்குப் பக்கத்திலேயே தில்லைஸ்தானம். கும்பகோணம் பக்கம் உமையாள்புரம். வடக்கே ஆற்காட்டுக்குப் பக்கத்தில் வாலாஜாபேட்டை. இந்த மூன்று ஊர்ச் சிஷ்யர்களும் தனித்தனியாகப் பாடம் பண்ணினார்கள். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகள் பிற்பாடு மதுரை சௌராஷ்டிர சபைக்கு வந்து சேர்ந்தன. ஓர் ஊரில் வெள்ளம் வந்தாலும், ஒரு வீட்டில் கரையான் வந்தாலும், மற்ற இரண்டு இருக்கும். இன்றைக்குச் சுமார் 700 கீர்த்தனைகள் கிடைக்கின்றன.

சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் அம்பாள் சன்னிதியே கதி என்று இருந்தவர். தாளங்கள் கடினம். கற்றுக்கொண்டவர்கள் கொஞ்சம். காப்பிகள் கொஞ்சம். இன்றைக்கு நம் கையில் இருப்பவை நூறுகூடத் தேறாது. பாட்டின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. எண்ணிக்கையில்தான்.

தீட்சிதர் விஷயம் மூன்றாவது ரகம். அவர் பாட்டுகள் தம்பிகளிடமும், திருவாரூர்க் கோயிலைச் சேர்ந்த இசைக் குடும்பங்களிடமும், தஞ்சை நால்வரிடமும் இருந்தன. ஆனால் வார்த்தையை மட்டும் ஓலையில் எழுதி வைத்தால் பாட்டு வந்துவிடாது. கற்றுக் கொடுக்க ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அந்த ஓலை பாடும். ஆசிரியர் போய்விட்டால்? மென்பொருள் இல்லாத ப்ராஜெக்ட் ஃபைல்தான்.

இங்கேதான் ஓர் ஆபீஸ்காரர் கதைக்குள் வருகிறார். சின்னசாமி முதலியார். மெட்ராஸ் செக்ரடேரியட்டில் உத்தியோகம். 1890-களில் கைக்காசைப் போட்டு, கர்நாடகப் பாட்டுகளை மேற்கத்திய நொட்டேஷனில் அச்சடித்தவர். தீட்சிதர் வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் பாட்டுகளைக் காத்து வைத்திருந்தார். முதலியார் அவரை, ‘நீங்கள் எழுதி அச்சேற்றியே ஆக வேண்டும்’ என்று வற்புறுத்த, எட்டயபுரம் ஜமீன் ஆதரவு கொடுக்க, 1904-ல் தெலுங்கு எழுத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ராகம், தாளம், ஸ்வரம். ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்பதற்கும் தனித்தனி அடையாளங்கள். சுப்பராம தீட்சிதருக்கு அப்போது வயது 65. இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார். இரண்டே வருஷ இடைவெளி! பிற்பாடு சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழிலும் கொண்டுவந்தது.

தீட்சிதர் கீர்த்தனைகள் 229 அதில் இருக்கின்றன. ஆசிரியர் இல்லாமலும் திறக்கிற ஃபைல்.

நம்மாளின் மாடி அறையில் இதற்குப் பெயர் ‘ஸ்டெம்’. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்வது. எல்லாம் பூஜ்யம் வினாடியிலிருந்து, எல்லாம் ஒரே நீளத்தில். அப்படி இருந்தால் எந்த மென்பொருளிலும் வரிசையாகப் போட்டு ப்ளே அழுத்தலாம். மிடி இருந்தால் அதையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்துவிடலாம். சில கிலோபைட்தான்.

‘என் மென்பொருள்தான் இருக்கிறதே, எதற்கு இந்த வேலை?’ என்று கேட்பவர்களுக்கு: 2017 நவம்பரில் கிப்ஸன் கம்பெனி ‘சோனார்’ என்ற பாட்டு மென்பொருளின் வேலையை நிறுத்திவிட்டது. வருஷக்கணக்காக அதில் ப்ராஜெக்ட் வைத்திருந்தவர்கள் வயிற்றில் புளி. நல்லவேளை, அடுத்த வருஷம் பேண்ட்லேப் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. 2019-ல் ஆப்பிள் தன் மேக்கில் 32 பிட் நிரல்களை ஒரேயடியாக நிறுத்தியது. பழைய ப்ளக்-இன்கள் பல அத்தோடு வாயை மூடிக்கொண்டன. மென்பொருளுக்கும் ஆயுசு உண்டு. சாதாரண வேவ் ஃபைலுக்கு ஆயுசு கெட்டி.

முட்டுக்கட்டை போடும் இடம்

தியாகராஜர் பாட்டு நிறையக் காப்பிகளில் பிழைத்ததே, அதில் ஒரு தொல்லையும் உண்டு. அதற்குப் பெயர் பாடாந்தரம். ஒரே கீர்த்தனை வாலாஜாபேட்டைப் பாடத்தில் ஒரு மாதிரி, உமையாள்புரத்துப் பாடத்தில் ஒரு மாதிரி. எது முதலில் வந்தது, எது பிற்பாடு மாறியது என்று வித்வான்கள் சபா கேன்டீனில் காபி ஆறிப்போகும்வரை விவாதிப்பார்கள். சங்கீதத்துக்கு அது ஓர் அழகு. நம்மாளின் ஐந்து ஃபைனல்களில் அந்த அழகு கிடையாது. காப்பி இருந்தால் போதாது. எதற்குப் பின் எது என்று வரிசை தெரிய வேண்டும்.

‘ஃபைனல்’ என்பது ஒரு உணர்ச்சி. ஃபைலுக்குப் பெயராக வைக்க லாயக்கில்லை. தேதி வையுங்கள். அதையும் வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில்: 2025-03-14. ஏன்? கம்ப்யூட்டர் பெயர்களை இடமிருந்து வலமாகப் பார்த்து அடுக்குகிறது. நாளை முன்னால் போட்டால் எல்லா மாசத்துப் பதினாலாம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். வருஷத்தை முன்னால் போட்டால் தானாகக் காலவரிசை வந்துவிடும். எண் கொடுப்பதானால் 1, 2 என்று இல்லாமல் 01, 02. இல்லாவிட்டால் சில இடங்களில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். தேதிக்குப் பின்னால் என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வார்த்தை: ‘நாயனம் தூக்கல்’. அவ்வளவுதான். அடுத்த வருஷம் விழாக் குழு அண்ணன் வந்தால் அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.

எப்போதெல்லாம் புது எண் போட வேண்டும்? திருவாரூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழித்தேர் நான்கு வீதியும் சுற்றி வருகிறது. நேரே போகும்போது வடம் பிடித்து இழுத்தால் போதும். திருப்பத்தில்தான் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை. கட்டையைப் போட்டு நிறுத்தி, திருப்பி, அப்புறம்தான் அடுத்த வீதி. பாட்டிலும் அப்படியே. சும்மா வேலை நடக்கும்போது அதே ஃபைலில் ‘சேவ்’ போதும். ஒரு சரணத்தைத் தூக்கப் போகிறீர்கள், வேகத்தை மாற்றப் போகிறீர்கள், டிராக்குகளை வெட்டி ஒட்டப் போகிறீர்கள் என்றால் அது வீதி திரும்பும் இடம். ‘சேவ் ஆஸ்’ போட்டு, புது எண் கொடுத்து, பிறகு திரும்புங்கள். பிடிக்கவில்லையென்றால் பழைய வீதி அங்கேயே இருக்கும்.

ஃபோல்டருக்கும் இதே நிதானம். ஒரு பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் நாலு அறை. ஒன்று, ப்ராஜெக்ட் ஃபைல்கள். இரண்டு, ஒரிஜினல் ஒலிகள். மூன்று, ஸ்டெம்கள். நான்கு, வெளியே கொடுத்த மிக்ஸ்கள். இதில் இரண்டாவது அறை கர்ப்பக்கிரகம். அப்பாயி பாடியது, கோயிலில் பஞ்சமுக வாத்தியம் வாசித்தபோது எடுத்தது, நாயனக்காரர் வாசித்தது எல்லாம் வெட்டாமல், ஒட்டாமல், எதிரொலி சேர்க்காமல் அங்கே இருக்க வேண்டும். வெட்டுவதற்கு வேறு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது உத்தமம். சில பழைய ப்ளக்-இன்கள் தமிழைக் கண்டால் முழிக்கும்.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு சூத்திரம் பிரபலமாக்கினார். 3-2-1. எதற்கும் மூன்று காப்பி. இரண்டு வேறு வேறு சாதனத்தில். அதில் ஒன்று வேறு இடத்தில்.

மூன்றாவது நிபந்தனையைத்தான் எல்லாரும் கோட்டை விடுவது. லேப்டாப் மேஜையில், ஹார்ட் டிஸ்க் மேஜை டிராயரில், பென் டிரைவ் அதே டிராயரில் என்றால் காப்பி மூன்று, மேஜை ஒன்று. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி முத்துப்பேட்டை, மன்னார்குடி என்று புரட்டிப்போட்டதை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரையைக் கொண்டுபோன காற்று டிராயரில் எது ஒரிஜினல், எது காப்பி என்று விசாரிக்கவில்லை. ஒரு டிஸ்க்கைத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். பொங்கலுக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வாருங்கள். நெட் நன்றாக இருந்தால் க்ளவுடிலும் வைக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘ஸின்க்’ வேறு, ‘பேக்கப்’ வேறு. ஸின்க் என்பது கண்ணாடி. நீங்கள் சிரித்தால் சிரிக்கும். நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், அப்புறம் போச்சு.

1998-ல் பிக்ஸார் கம்பெனி ‘டாய் ஸ்டோரி 2’ தயாரித்துக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஓர் அழிக்கும் கட்டளையால் படத்தின் சுமார் 90 சதவீதம் கண்ணெதிரே மறைந்தது. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற பெண்மணி. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு காப்பி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்களாம்.

நம்மாளுக்கும் ஒரு சுஸ்மன் உண்டு. மன்னார்குடி அத்தை. விஷயம் கேள்விப்பட்டு போன் செய்கிறாள்.

"ஏண்டா தம்பி, அன்னிக்கு ஆத்தா பாடுனத வாட்ஸப்புல அனுப்புனியே. நான் அழிக்கல. தெனம் ராத்திரி கேட்டுட்டுத்தான் படுக்கறேன்."

வாய்ஸ் மெசேஜ். பதினொரு நிமிஷத்தில் நாலு நிமிஷம்தான். நசுங்கிய ஒலி, பின்னால் மின்விசிறிச் சத்தம். நாலு நிமிஷமாவது மிஞ்சியதற்குக் காரணம் 3-2-1 இல்லை, அத்தையின் பாசம். பாசம் நல்லதுதான். அதை மட்டும் நம்பி ஆவணக் காப்பகம் நடத்த முடியாது.

ஈரத் துணியில் நூறு விதை

தேவாரச் சுவடிகளைப் பற்றிப் புராணம் சொல்லும் கதை தெரிந்திருக்கும். தில்லையில் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். பத்திரமாகத்தான் இருந்தது, யாரும் தொடாமல். ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்து பார்த்தால் கரையான் புற்று. அரித்தது போக மிஞ்சியதைத்தான் இன்று பாடுகிறோம். பூட்டு நல்ல பூட்டு. கரையானுக்குச் சாவி தேவைப்படவில்லை.

திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. இது டெல்டா விவசாயிக்குத் தெரியும். சாப்பிடுகிற நெல் வேறு, விதைநெல் வேறு. தனியாகக் காயவைத்து, தனியாகக் கட்டி வைப்பார். அதோடு விடமாட்டார். விதைப்புக்கு முன்னால் நூறு விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார். சான்று பெற்ற நெல் விதை குறைந்தது 80 சதவீதம் முளைக்க வேண்டும் என்பது சர்க்கார் கணக்கு. விதைநெல்லை வருஷக்கணக்கில் மூட்டையிலேயே வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். அவ்வப்போது விதைத்து அறுத்துப் புது விதை எடுக்க வேண்டும்.

திருவாரூர் மாவட்டத்திலேயே, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், நெல் ஜெயராமன் (2018-ல் மறைந்தார்) செய்தது இதுதான். 170-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. நெல் திருவிழா நடத்தி விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ரகமும் பல ஊரில், பல வயலில், வருஷா வருஷம் முளைத்துக் காட்ட வேண்டும். இதைவிடச் சிறந்த பேக்கப் திட்டத்தை எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியும் போட்டதாகத் தெரியவில்லை.

நம்மாள் செய்ய வேண்டியதும் அதுதான். வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜை அன்று வைத்துக்கொள்ளலாம். எப்படியும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கிறோம். வைப்பதற்கு முன்னால் பேக்கப் டிஸ்க்கை எடுத்து, வேறொருவர் கம்ப்யூட்டரில் மாட்டி, ஏதாவது மூன்று பாட்டைத் திறந்து முழுசாகக் கேட்க வேண்டும். சொந்தக் கம்ப்யூட்டரில் பார்த்தால் பயனில்லை. விடுபட்டுப் போன ஃபைல் அங்கே எங்காவது ஒரு மூலையில் இருந்து கண்ணைக் கட்டிவிடும். இங்கே 80 சதவீதம் போதாது. ஒரு டிராக் முளைக்காவிட்டாலும் அது அப்பாயி டிராக்காக இருக்கக்கூடும். டிஸ்க் நாலைந்து வருஷம் ஆகிவிட்டால், நன்றாக ஓடும்போதே புதியதற்கு மாற்றிவிடுங்கள். பென் டிரைவை மட்டும் காலகாலத்துக்கும் நம்ப வேண்டாம். அது தபால்காரர், பெட்டகம் இல்லை.

முத்திரை

கடைசியாக ஒன்று. நேரம் அதிகம் எடுக்காது, ஐந்து நிமிஷம்தான்.

தியாகராஜர் தன் பாட்டுகளில் தன் பெயரையே வைத்தார். தீட்சிதர் ‘குருகுஹ’ என்று வைத்தார். சாஸ்திரி ‘சியாமகிருஷ்ண’ என்று வைத்தார். இதுதான் முத்திரை. ஓலை கைமாறினாலும், ஊர் மாறினாலும், தலைப்பு கிழிந்தாலும், பாட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது யாருடையது என்ற விவரம். பாட்டின் தலையில் ராகமும் தாளமும். இருநூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் கையில் கிடைத்தாலும் விலாசம் தேட வேண்டாம்.

நம்மாளின் ஃபைலுக்குப் பெயர் ‘ஆடியோ 014’.

அது அப்படியே அழியாமல் இருந்தாலும், அதைத் தொலைத்ததற்குச் சமம்தான். முப்பது வருஷம் கழித்து அவர் பேத்தி அந்த டிஸ்க்கைத் திறந்தால், ஒரு கிழவி ஏதோ பாடுகிறாள் என்று மட்டும்தான் தெரியும். யார், எந்த ஊர், எந்த வயலில் பாடிய பாட்டு, எதுவும் தெரியாது. ‘கிழவி பாட்டு, தேவையில்லை’ என்று அழித்தாலும் அவள்மேல் தப்புச் சொல்ல முடியாது.

ஆகவே, ஒவ்வொரு பாட்டின் ஃபோல்டரிலும் சாதாரண எழுத்து ஃபைல் ஒன்று. எதிலும் திறக்கும், பத்தே வரி. என்ன ஸ்ருதி, என்ன வேகம், எந்த மென்பொருள், எந்த வெர்ஷன், என்னென்ன ப்ளக்-இன், எது கடைசியாக வெளியே கொடுத்த மிக்ஸ். வாசித்தவர் யார், பாடியவர் யார், எந்த ஊர், என்ன தேதி, பாட அனுமதி கொடுத்தாரா, பணம் கொடுத்தாயிற்றா. ஒலி ஃபைலின் பெயரிலேயே பாடியவர் பெயரும் வரட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மேட்ச் இருக்கும். இருக்கட்டும். ஓவருக்கு ஓவர் நடுவில் விளம்பரம் போடுவார்கள் அல்லவா, அந்த நேரத்தில் பழைய பாட்டுகளில் ஒன்றை எடுங்கள். சிதறிய ஒலிகளைத் திரட்டுங்கள். ஸ்டெம் எடுங்கள். தேதி போடுங்கள். பெயர் எழுதுங்கள். பத்து பாட்டு முடிந்ததும் ஒரு டிஸ்க்கில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புங்கள். ‘இதெல்லாம் யாருடா கேப்பா’ என்று பாடியவர் கேட்டிருக்கலாம். அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. கேட்க வருகிறவருக்குக் கிடைக்க வேண்டும். பாடியவர் பெயரோடு கிடைக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஐந்து ஃபைனல்கள். அழித்துவிடாதீர்கள். விழாக் குழு அண்ணன் நாளைக்கு மறுபடி வருவார்.

"தம்பி, நாயனம் பழைய மாதிரியே இருந்திருக்கலாம்."